கடல் யாருக்குன்னு கேட்டுட்டு ரூம் போடுங்க

அடுத்த வருஷம் இந்நேரம் நம்மில் கொஞ்சம் பேர் எம்.எஸ். படிக்க அமெரிக்காவில் இருப்போம். அங்கே போன சீனியர்களைக் கேட்டுப் பாருங்க. முதல் குளிர்கால லீவு வந்ததும் எல்லாரும் தேடுறது ஒரு சூடான கடற்கரையைத்தான். கான்கூன், பஹாமாஸ்னு போகும் அந்த லிஸ்ட்டில் ஜமைக்காவின் மான்டேகோ பே கண்டிப்பா இருக்கும். மயாமியில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் இறங்கிடலாம். உசைன் போல்ட் பிறந்த டிரெலானி அதற்குப் பக்கத்து மாவட்டம்தான்.

தேட ஆரம்பிச்சதும் முதலில் கண்ணில் படுவது 'ஆல்-இன்க்ளூசிவ்' பேக்கேஜ். ரூம், மூணு வேளை சாப்பாடு, கூல்டிரிங்க்ஸ், கடல் விளையாட்டு எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே விலை. கையில் ஒரு பட்டை கட்டி விடுவாங்க. அதுக்கப்புறம் பர்ஸை வெளியே எடுக்கவே வேண்டாம். ஏர்போர்ட்டில் ரிசார்ட் பஸ் காத்திருக்கும். நாலு நாள் கழித்து அதே பஸ் திரும்பக் கொண்டுவந்து விடும்.

இதில் என்ன தப்பு? வசதிதானே? வசதிதான். ஆனா இப்படிப் போயிட்டு வந்தவர் மான்டேகோ பே பார்த்தேன்னு சொல்ல முடியாது, ஒரு மதில் சுவருக்கு உள்பக்கத்தைப் பார்த்தேன்னுதான் சொல்லணும் என்பது என் கருத்து. அந்தச் சுவருக்கு வெளியே நிற்பது யார் என்பதையும் நாம யோசிக்கணும்.

ஜமைக்காவில் 1956ல் 'பீச் கண்ட்ரோல் ஆக்ட்' என்று ஒரு சட்டம் வந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைப்பதற்கு ஆறு வருஷம் முன்னால் பிரிட்டிஷ்காரர்கள் காலத்தில் போட்ட சட்டம். அலை வந்து போகும் கரைப்பகுதி அரசுடைமை, அதை வியாபாரத்துக்குப் பயன்படுத்த லைசென்ஸ் வாங்கணும் என்கிறது அது. பொதுமக்கள் எந்தக் கடற்கரையிலும் இறங்கிக் குளிக்கலாம் என்ற பொது உரிமை மட்டும் அதில் இல்லை. அதனால் என்ன ஆகுது? லைசென்ஸ் வாங்கிய ரிசார்ட் வேலி போடுது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர் தன் ஊர்க் கடலில் கால் நனைக்க வழி தேடி அலையணும். இதை எதிர்த்து ஜமைக்கா மக்கள் கோர்ட்டுக்குப் போயிருக்காங்க. சட்டத்தை மாத்தணும் என்ற குரலும் ஓயவில்லை.

டூரிஸம் வந்தா எங்கேயும் இப்படித்தான் என்று சொல்லாதீங்க. மெக்சிகோவில் கடற்கரைகள் பொதுச்சொத்து. கான்கூனில் எவ்வளவு பெரிய ஹோட்டலாக இருந்தாலும் அதன் முன்னால் இருக்கும் மணலில் யாரும் நடக்க சட்டம் இடம் கொடுக்குது. பார்படோஸிலும் கடற்கரை எல்லாருக்கும் திறந்ததுதான். அங்கெல்லாம் டூரிஸம் படுத்துவிடவில்லையே!

காசு விஷயமும் இருக்கு. பேக்கேஜுக்கு நாம கட்டும் பணத்தில் பெரும்பகுதி ரிசார்ட்டுக்குப் போகுது. அங்கே பல பெரிய ரிசார்ட்டுகள் ஸ்பெயின் கம்பெனிகளோடது. சாண்டல்ஸ் மாதிரி 1981ல் மான்டேகோ பேயிலேயே தொடங்கின உள்ளூர் பிராண்டும் உண்டு, மறுக்கலை. ஆனா யார் நடத்தினாலும் மூணு வேளையும் உள்ளேயே சாப்பிட்டா, தெருவில் ஜெர்க் சிக்கன் சுடுபவருக்கும் டாக்ஸி ஓட்டுபவருக்கும் நம்மால் என்ன லாபம்?

"வெளியே போனா சேஃப்டி?" என்று அம்மா கேட்பாங்க. நியாயமான கேள்வி. மேற்கு ஜமைக்காவில் குற்றங்கள் நடக்குது, சில பகுதிகளில் எமர்ஜென்சி அறிவிச்ச காலமும் உண்டு. அதுக்காகச் சுவருக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கணும்னு இல்லை. எந்தப் பகுதி, எந்த நேரம் என்று உள்ளூர்க்காரரைக் கேட்டு, பகலில் போயிட்டு வாங்க. "ரிசார்ட் இல்லைன்னா அங்கே வேலை ஏது?" என்பதும் சரியான கேள்விதான். ரிசார்ட்டே வேண்டாம்னு நான் சொல்லலை. நாலு நாளையும் அதற்கே எழுதிக் கொடுக்காதீங்க என்கிறேன்.

சரி, எப்படித்தான் பிளான் பண்றது?

முதலில் மாதம். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் சீசன். செப்டம்பர், அக்டோபரில் ரேட் குறையுதுன்னா சும்மா குறையலை. 2025 அக்டோபர் 28ல் மெலிசா புயல், அஞ்சாம் வகைப் புயலாக, ஜமைக்காவின் தென்மேற்கில் கரையைக் கடந்தது. மான்டேகோ பேயிலும் வெள்ளம் புகுந்தது. டிசம்பர் நடுவில் இருந்து ஏப்ரல் நடு வரை வானிலை நல்லா இருக்கும், விலையும் ஏறி நிற்கும். ஸ்டூடண்ட் பட்ஜெட்டுக்கு ஏப்ரல் கடைசி, மே சரியா வரும்.

அடுத்தது பேப்பர். எஃப்-1 விசாவில் இருப்பவர் ஐ-20ல் டிராவல் சிக்னேச்சர் வாங்காமல் நாட்டை விட்டுக் கிளம்பக் கூடாது. விசா தேதியையும் ஒரு தடவை பார்த்துக்கோங்க.

தங்குவதை இரண்டாகப் பிரிங்க. ஒரு ராத்திரி ரிசார்ட், மீதி நாள் ஊர்க்காரர் நடத்தும் கெஸ்ட் ஹவுஸ். குளிக்க டாக்டர்ஸ் கேவ் கடற்கரை இருக்கு. 1906ல் ஒரு டாக்டர் தன் இடத்தைக் கொடுக்க, அங்கே குளியல் கிளப் தொடங்கினாங்க. நுழைவுக் கட்டணம் உண்டு, ஆனா கையில் பட்டை கேட்க மாட்டாங்க. ஊர் சுற்ற ரூட் டாக்ஸி. சிவப்பு நம்பர் பிளேட் இருக்கான்னு பார்த்து ஏறுங்க.

ஒரு மதியம் சாம் ஷார்ப் சதுக்கத்துக்குப் போங்க. 1831 கிறிஸ்துமஸ் சமயத்தில் கரும்புத் தோட்ட அடிமைகளைத் திரட்டி, கூலி கொடுத்தால்தான் வேலை என்று நிற்க வைத்தவர் சாம் ஷார்ப். 1832 மே 23ல் இந்த ஊரில்தான் அவரைத் தூக்கிலிட்டாங்க. அடுத்த வருஷமே அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் நிறைவேறியது. உழைப்புக்குக் கூலி கேட்டு உயிர் விட்டவரின் ஊரில் அதே ஜனங்களின் பேரப்பிள்ளைகள் இன்னைக்குக் கடலுக்கு வழி கேட்டுக்கிட்டு இருக்காங்க.

புக் பண்ணும் முன் ரிசார்ட்டுக்கு ஒரு மெயில் போடுங்க: "உங்க கடற்கரைக்கு ஊர்க்காரங்க வரலாமா?" நீச்சல் குளம் எத்தனை, வைஃபை ஸ்பீடு என்ன என்று கேட்கும் நாம இதையும் கேட்கலாமே. பத்து பேர் கேட்டா ரிசார்ட்டுக்கு அது ஒரு மெயில்தான். ஆயிரம் பேர் கேட்டா பதில் யோசிச்சே ஆகணும்.