கணக்கு காப்பாற்றும்!



நான் அஞ்சுகிராமத்தில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், கரும்பலகையில், 'தூரம் = வேகம் × நேரம்' என்று எழுதிப் போட்டேன். கடைசி பெஞ்சு மாணவன் ஒருவன் எழுந்து, "இதப் படிச்சு என்னத்துக்கு சார்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. "பரீட்சைக்குத்தான்" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். அது சரியான பதில் இல்லை என்பது, 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ம் தேதிதான் எனக்குப் புரிந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காலை 6.29 மணிக்கு, இந்தோனேசியாவின் சுமத்ரா தீவு அருகே கடலுக்கு அடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. கடலின் தரை உயர்ந்து, மேலே இருந்த தண்ணீரைத் தள்ளியது. அப்படிப் பிறந்ததுதான் சுனாமி. ஆழ்கடலில் அதன் வேகம் மணிக்குச் சுமார் 700 கி.மீ.; ஏறக்குறைய ஜெட் விமானத்தின் வேகம்!

இவ்வளவு வேகமாக வந்தும், தமிழகக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. 700-ஐ 2-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1,400 கி.மீ.! அவ்வளவு கடல் நடுவே இருந்தது. ஊரையே மேட்டுக்கு அழைத்துப் போக இரண்டு மணி நேரம் போதும். ஆனால், அலை வருகிறது என்று சொல்ல ஆள் இல்லை. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தனர். நம் மாவட்டத்தில் குளச்சலும், மணக்குடியும் பட்ட துயரம் கொஞ்சமல்ல. மணக்குடிப் பாலத்தையே அலை அடித்துச் சென்றது.

அதே நாளில், புதுச்சேரி அருகே நல்லவாடு என்ற மீனவர் கிராமம் தப்பியது. எப்படித் தெரியுமா? அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்ததும் ஊருக்குப் போன் செய்தார். உடனே ஒலிபெருக்கியில் அறிவித்து, எல்லாரையும் கரையை விட்டு வெளியேற்றினர். அலையை விடச் செய்தி வேகமாக வந்தது, உயிர்கள் பிழைத்தன.

இன்னொரு கணக்கும் உண்டு. கரையை நெருங்கி ஆழம் குறையும்போது, சுனாமியின் வேகமும் குறையும். முன்னால் போகும் தண்ணீர் மெதுவாக, பின்னால் வருவது நெருங்க, அலை உயர்ந்து நிற்கும். 10 மீட்டர் ஆழத்தில் அதன் வேகம் மணிக்குச் சுமார் 36 கி.மீ.; அதாவது விநாடிக்கு 10 மீட்டர். 300 மீட்டரைக் கடக்க அதற்கு 30 விநாடி போதும். மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் ஓடும் உங்களுக்கோ 90 விநாடி வேண்டும்.

ஆகவே, அலையைப் பார்த்த பிறகு ஓடினால் முந்த முடியாது. கரையில் இருக்கும்போது நிலம் பலமாக அதிர்ந்தாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, வேடிக்கை பார்க்காதீர்கள். மீன் பொறுக்கப் போகாதீர்கள். அருகில் இருப்பவர்களையும் அழைத்துக்கொண்டு உடனே மேடான இடத்துக்குப் போங்கள். முதல் அலை போனதும் திரும்பி வரவும் கூடாது. அடுத்த அலை இன்னும் பெரிதாக இருக்கலாம்.

2007-ம் ஆண்டு முதல் ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இயங்குகிறது. கடலடியில் நிலம் அதிர்ந்தால், அலை எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வரும் என்று கணக்கிட்டுச் சொல்கிறார்கள். அவர்கள் போடும் கணக்குக்கும் அடிப்படை, அன்று நான் கரும்பலகையில் எழுதிய அதே வரிதான்.

அந்த மாணவனுக்கு அன்று சொல்லாத பதிலை உங்களுக்குச் சொல்லிவிட்டேன். இன்று இரவு சாப்பிடும்போது, இதை வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்வீர்களா?

அன்புடன்,
உங்கள் ஆசிரியர் தாத்தா.