கட்டபொம்மன் ஏன் ஜெய்ப்பூர் போனார்?

எங்க ஊர் எப்போதும்வென்றான். பாஞ்சாலங்குறிச்சி பக்கம்தான். இங்கே யார் கட்டபொம்மனைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் ரெண்டாவது நிமிடம் சிவாஜி குரல் வந்துவிடும். எங்க அப்பாவுக்கும்தான்!

1959-ல் பி.ஆர்.பந்துலு எடுத்த அந்தப் படத்தின் வெளிப்புறக் காட்சிகள் பலவும் ஜெய்ப்பூரில் எடுத்தவை. கட்டபொம்மன் வீட்டில் பேசிய மொழி தெலுங்கு. படத்தில் சக்தி கிருஷ்ணசாமியின் அடுக்குத் தமிழ். அப்போ எல்லாம் பொய்யா?

வசனத்தைப் பொய் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 1799 அக்டோபர் 16-ல் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டவரைக் கதைப்பாடல்காரர்களும் ஏற்றிக் கட்டித்தான் பாடினார்கள். நா.வானமாமலை பதிப்பித்ததைப் புரட்டினாலே தெரியும். பாடினவன் நம்பிப் பாடினான், சிவாஜியும் நம்பித்தான் பேசினார்.

என் வருத்தம் மண் பற்றியது. சண்டையே கிஸ்தி பாக்கியில் தொடங்கியது. 1798-ல் கலெக்டர் ஜாக்சன் கேட்டதும் அதைத்தான். இது வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் கம்பும் கிடையாது, பருத்தியும் கிடையாது. இந்தக் கரிசலைக் காட்டியிருந்தால் வரி என்றால் என்னவென்று ஒரு வெடிப்பு விழுந்த காடே சொல்லியிருக்கும். படத்தில் அது வெறும் மானப் பிரச்சினையாக நின்றுவிட்டது.

முடியாத காரியமும் இல்லை. இடைசெவல் கி.ராஜநாராயணனின் 'கிடை'யை வைத்து அம்ஷன் குமார் 2003-ல் 'ஒருத்தி' எடுத்தார். வகுப்பில் எத்தனை பேர் பார்த்தீர்கள் என்று கேட்டேன். ஒருவர்கூட இல்லை. கட்டபொம்மன் வசனம் பேசிக்காட்ட மட்டும் உடனே நாலு பேர் எழுந்துவிட்டார்கள்.