கறைக்குக் காரணம் யார்?

புதுக் கார் வாங்கியவரைக் கவனித்திருக்கிறீர்களா? முதல் ஆறு மாதத்துக்கு அவருக்கு அது வாகனமல்ல, பெற்ற பிள்ளை! வெயில் பட்டால் வாடிவிடுமோ, மழையில் நனைந்தால் சளி பிடிக்குமோ என்று ஓயாத கவலை. ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் போதும். மெழுகு டப்பாவும் கையுமாக வாசலில் இறங்கிவிடுவார்.

மெழுகு பூசுவதை நாம் குறை சொல்லவில்லை. பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் ஓலையிலிருந்து எடுக்கும் கார்னூபா மெழுகு, வர்ணத்தின்மேல் மெல்லிய படலமாக நின்று பளபளப்புத் தருகிறது; மழைத் தண்ணீரையும் முத்து முத்தாக உருட்டி விடுகிறது. ஆனால் அதற்கு உரிய இடம் வர்ணம் பூசிய பாகமே தவிர, பம்பரிலும் கதவின் அடியோரத்திலும் உள்ள கறுப்புப் பிளாஸ்டிக் அல்ல. அந்தப் பிளாஸ்டிக்கைத் தடவிப் பாருங்கள், சொரசொரவென்றிருக்கும். அந்த நுண்ணிய பள்ளங்களில் மெழுகு இறங்கிக் காய்ந்துவிட்டால் துணிக்கு எட்டாது. கரும்பலகையில் சாக்குக் கட்டியால் கிறுக்கியதுபோல் வெள்ளைக் கறை பல்லை இளிக்கும்.

எங்கள் குடியிருப்பில் ஒரு நண்பருக்கு இதுதான் நேர்ந்தது. ஞாயிறன்று தாம் அவசர அவசரமாக மெழுகு பூசியதை மறந்துவிட்டார். திங்கட்கிழமை காலை கார் துடைக்க வந்தவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்னத்தைப் போட்டுய்யா தேய்த்தாய்?"

"தண்ணியும் துணியும்தான் சார்."

யார் கேட்கிறார்கள்? மாதக் கூலியில் நூறு ரூபாய் பிடித்தமாயிற்று. அதோடு நின்றாரா? வர்ணத்தைக் கரைக்கும் தின்னரைக் கொண்டுவந்து தாமே தேய்த்தார். வெள்ளைக் கறை போயிற்று. கூடவே பிளாஸ்டிக்கின் நிறமும் போயிற்று! மெழுகுக் கறைக்கு மருந்து உண்டு. தின்னர் செய்த காயத்துக்கு அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டியதுதான்.

மறுபக்கத்துக் கறையை எடுத்தவர் யார் தெரியுமா? கூலி இழந்த அதே மனிதர்தான். பழைய பல் பிரஷ் ஒன்றும் சோப்புக் கலந்த வெந்நீரும் கேட்டு வாங்கினார். பதமாகத் தேய்த்துக் கழுவி, ஈரத்தைத் துடைத்தார். மிச்சமிருந்த இடங்களைப் பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் அழித்தார். அரை மணியில் வேலை முடிந்தது.

அதற்கும் அசையாத கறையானால், மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைச் சம அளவு தண்ணீரில் கலந்து துணியில் நனைத்துத் துடைக்கலாம். முதலில் கண்ணில் படாத மூலையில் சோதித்துப் பார்ப்பது நல்லது. வர்ணத்தின்மேல் படக் கூடாது. அருகே நெருப்பும் கூடாது. சிலர் பளபளக்கும் எண்ணெயைத் தடவிக் கறையை மறைக்கிறார்கள். நாலு மழை பெய்தால் பழைய குட்டு வெளிப்பட்டுவிடும்!

எல்லாவற்றையும்விடச் சுலபமான வழி, பெயிண்டர்கள் ஒட்டும் காகித டேப்பை மெழுகு பூசுமுன் பிளாஸ்டிக்கின்மேல் ஒட்டிவிடுவது. ஐந்து நிமிட வேலைதான். அந்த ஐந்து நிமிடப் பொறுமை இல்லாதவர்கள்தான் பிறகு பழி போட ஆள் தேடுகிறார்கள். விடியுமுன் வந்து பத்துக் கார் துடைக்கிறவருக்கு நூறு ரூபாய் சின்னத் தொகையல்ல. எதிர்த்துப் பேசினால் வேலையே போய்விடுமே என்று அவர் வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்தைக் குற்றத்தின் ஒப்புதல் என்று எடுத்துக்கொள்வது என்ன நியாயம்?

நண்பரிடம், "அந்த நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தீர்களா?" என்று கேட்டேன். சிரித்து மழுப்பினார். கார் இப்போது சுத்தமாகத்தான் இருக்கிறது. கணக்குத்தான் இன்னும் சுத்தமாகவில்லை.