மாட்டுக்கு லாடம், உழவருக்கு?

வண்டி மாட்டை லாடம் அடிக்காமல் தார் ரோட்டில் ஓட்ட எந்த விவசாயிக்கும் மனம் வராது. அதே விவசாயி கருவேல முள்ளிலும் கரும்புக் கட்டையிலும் வெறுங்காலோடு நடக்கிறார். காலுக்குச் செய்யும் செலவு ஆடம்பரம் அல்ல; மண்வெட்டி வாங்குவதைப் போன்ற பண்ணைச் செலவுதான்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. கடிகளில் பெரும்பாலானவை காலில்தான் விழுகின்றன. வயலில் செருப்போடு இறங்குவது பூமித்தாய்க்கு மரியாதைக் குறைவு என்று கருதுவோர் உண்டு. ஏர் பூட்டும் நாளில் அந்த மரியாதை இருக்கட்டும். நடவுச் சேற்றில் பூட்ஸ் புதையும் என்பதும் உண்மையே. ஆனால் இரவு நீர் பாய்ச்சவும், அறுவடைக்கும், மருந்து தெளிக்கவும் வெறுங்கால் கூடாது.

ஒரே ஜோடி எல்லா வேலைக்கும் ஒத்துவராது. மானாவாரிக் காட்டில் பகல் வேலைக்குக் கனத்த டயர் அடியும் குதிகால் வாரும் உள்ள செருப்பு ஏற்றது. மற்ற வேலைகளுக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை மறைக்கும் ரப்பர் பூட்ஸ் தேவை. தோல் செருப்பு பூச்சிமருந்தை உறிஞ்சிக்கொள்ளும், கழுவினாலும் போகாது. தெளிக்கும்போது கால்சட்டை பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகினால் வழியும் மருந்து பாதத்தில் இறங்கும்.

மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும். அளவு பார்க்க அதுவே நல்ல நேரம். பெருவிரலுக்கு முன் அரை அங்குலம் இடம் இருக்கட்டும். பசையால் மட்டும் ஒட்டிய அடியைவிடத் தைத்த அடியே நீடிக்கும். பிரிந்தாலும் மறுபடி தைக்கலாம்.

வேலை முடிந்ததும் சேற்றைக் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலும் அடுப்புச் சூடும் தோலை வெடிக்கச் செய்யும். தோல் வறண்டால் சிறிது விளக்கெண்ணெய் தடவலாம். பூட்ஸைக் குச்சியில் கவிழ்த்து வைத்தால் உள்ளே ஈரம் தங்காது. போடுமுன் தட்டி உதறினால் தேளுக்குப் பயமில்லை. ஒரு தையல் விட்டதுமே தைத்துவிட்டால் செலவு குறையும்.

கூலிக்கு மருந்து தெளிக்க வருபவருக்கும் பூட்ஸ் கொடுப்பது நிலக்காரரின் கடமை. அறுவடைக்கு இறங்கும் பெண்களுக்கும் அவர்கள் அளவில் வாங்க வேண்டும். மாட்டின் குளம்புக்குக் காட்டும் அக்கறையை மனிதரின் காலுக்கும் காட்டினால் போதும்.