எழுவாய் யார்?

காலநிலை மாற்றம் குறித்த அறிக்கைகளில் பெண்கள் பெரும்பாலும் செயப்படுபொருளாகவே வருகிறார்கள். அவர்களை வெள்ளம் பாதிக்கிறது, வறட்சி இடம்பெயர்க்கிறது, பிறகு யாரோ ஒருவர் வந்து அவர்களுக்கு 'அதிகாரமளிக்கிறார்'. பெண்கள் எழுவாயாக நிற்கும் வாக்கியம் அரிது.

புனேயில் குப்பை சேகரிக்கும் பெண்கள் இந்த இலக்கணத்தை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே மறுத்துவிட்டனர். அவர்களில் பலர் 1972 வறட்சிக்குப் பின் பிழைப்புத் தேடி நகருக்கு வந்த தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். 1993இல் உருவான அவர்களது தொழிற்சங்கத்தின் பெயர் காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத். அதாவது காகிதம், கண்ணாடி, தகரம் சேகரிக்கும் உழைப்பாளர் பஞ்சாயத்து. குப்பையைக் குறிக்கும் 'கச்ரா' என்னும் மராத்திச் சொல் அதில் இல்லை. பொருளுக்குப் பெயருண்டு, உழைப்புக்கும் பெயருண்டு. எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தினரும் பாபா ஆடவும் துணை நின்றனர் என்பது உண்மை. அதற்காகத் தலைமையை அவர்கள் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. 2008இல் மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்து, 'ஸ்வச்' கூட்டுறவின் வழியே வீடுவீடாகக் குப்பை பெறும் பொறுப்பை ஏற்றவர்கள் இப்பெண்களே.

இதற்கும் காலநிலைக்கும் என்ன தொடர்பு என்போர் உருளி தேவாச்சி குப்பைக் கிடங்குப் பக்கம் ஒருமுறை போய் வரலாம். ஈரக்கழிவு காற்றின்றி மட்கினால் மீத்தேன் எழும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமூட்டும். பழைய அலுமினியத்தை உருக்கிப் பயன்படுத்தினால், தாதுவிலிருந்து எடுக்கத் தேவைப்படும் ஆற்றலில் சுமார் 95 விழுக்காடு மிச்சம். வாசலில் நின்று தரம்பிரிக்கும் கைகள் செய்யும் வேலை இது. 2013இல் அவர்கள் பயன்படுத்திய நாப்கின்களை மூட்டைகட்டி, தயாரித்த நிறுவனங்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். கழிவுக்குப் பொறுப்பு யாருடையது என்று எந்த மாநாட்டுத் தீர்மானமும் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை.

ஆனாலும் 2020 இறுதியில் ஒப்பந்தக் காலம் முடிந்தபோது பணியைத் தனியாரிடம் தரும் பேச்சே எழுந்தது. எடைக்குப் பணம் பெறும் லாரி ஒப்பந்ததாரருக்குக் கிடங்கில் கொட்டும் ஒவ்வொரு டன்னும் வருமானம். இப்பெண்களுக்கோ கிடங்குக்குப் போகாமல் பிரித்தெடுத்ததே வருமானம். இருவரில் யார் காலநிலைக்கு உகந்தவர் என்பதற்கு ஆய்வுக்குழு தேவையில்லை. பெண் தலைமையைக் கருத்தரங்குகளில் போற்றுவோர், அடுத்த ஒப்பந்தத்தின் விதிகளை எழுதும் மேசையில் அவர்களுக்கு இடம் கேட்கட்டும். வாசலில் மாதக் கட்டணத்துக்குப் பேரம் பேசுவதையும் நிறுத்தட்டும்.