ஏ4 கோழி

ஆபீஸில் சீட் குறுகல் என்று புலம்பும் நண்பரே, மேஜைமேல் இருக்கும் ஏ4 தாளைப் பாருங்கள். நாமக்கல் பண்ணைக் கூண்டில் முட்டைக்கோழி ஒன்றுக்குப் பெரும்பாலும் அந்த அளவு இடம்கூடக் கிடையாது. றெக்கை விரிக்க முடியாது. எரிச்சலில் ஒன்றையொன்று கொத்துமாம். அதனால் மூக்கு நுனியும் கட்! வருஷத்துக்குச் சுமார் 300 முட்டை. ஒன்றரை வருஷம் போனால் ‘தேய்மானம்’ என்று கறிக்கடைக்கு.

அசைய இடமில்லாத கூண்டில் பிராணியை அடைப்பது குற்றம் என்று 1960-லேயே மிருகவதைத் தடுப்புச் சட்டம் சொல்லிவிட்டது. ஐரோப்பிய யூனியன் 2012-ல் இந்த வெறுங்கூண்டுக்குத் தடை போட்டது. நம்மூரில் கோழியும் அசைய முடியவில்லை, சட்டமும் அசையவில்லை.

பண்ணைக்காரரை மட்டும் திட்டாதீர்கள். கூண்டு பெரிசானால் முட்டை விலையும் ஏறும். ஒரு ரூபாய் ஏறினாலே கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது யார்? நாமதானே சார்!