தடைக்கு ஆயுள் 3 நாள், தீர்ப்புக்கு 2 மாதம்: போராடும் உரிமை எங்கே தேய்கிறது?

‘ஊர்ல 144 போட்டிருக்காங்களாம், வெளிய போகாதீங்க’ என்ற தகவல் இன்றும் வாட்ஸ்அப் குரூப்களில் பறக்கிறது. உண்மையில் 144 என்ற எண் சட்டப் புத்தகத்தைவிட்டுப் போய்விட்டது. 2024 ஜூலை 1 அன்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) நடைமுறைக்கு வந்தது. அதில் இது பிரிவு 163. பிரிட்டிஷ் காலத்திலிருந்து வரும் அதே அதிகாரம், கிட்டத்தட்ட அதே வாசகம். எண்தான் புதுசு.

2025 செப்டம்பர் 24 அன்று லடாக்கின் லே நகரில் மாநில அந்தஸ்து கேட்டு நடந்த போராட்டம் வன்முறையாக மாறி, துப்பாக்கிச்சூட்டில் 4 பேர் உயிரிழந்தார்கள். உடனே அங்கு 163 போடப்பட்டது. இரண்டு நாள் கழித்து சோனம் வாங்சுக் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதானார். தலைப்புச் செய்தி ஆனது அந்தக் கைதுதான். என்.எஸ்.ஏ., யு.ஏ.பி.ஏ. மாதிரியான பெரிய சட்டங்கள் எப்போதும் கண்ணில் படும். ஆனால், சம்பளம் கேட்டோ, ஏரியைக் காப்பாற்றக் கேட்டோ தெருவுக்கு வரும் ஒரு சாதாரண ஆள் வாழ்நாளில் யு.ஏ.பி.ஏ.வைச் சந்திக்கப்போவதில்லை. அவர் சந்திப்பது, ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்ட ஒரு பக்கத் தடை உத்தரவைத்தான்.

அந்த ஒரு பக்கத்தில் என்ன இருக்கிறது?

பிரிவு 163-ன்படி மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர்கள் தடை உத்தரவு பிறப்பிக்கலாம். கமிஷனரேட் உள்ள நகரங்களில் இந்த அதிகாரம் போலீஸ் கமிஷனர் கையில் இருக்கும். அமைதி குலையும், உயிருக்கு ஆபத்து, கலவரம் வரும் என்று அவர் கருதினால் போதும். அவசரம் என்றால் எதிர்த்தரப்பைக் கேட்காமலே பிறப்பிக்கலாம். குறிப்பிட்ட ஒரு நபருக்கும் போடலாம், ஒரு நகரத்துக்கே சேர்த்தும் போடலாம். உத்தரவின் ஆயுள் அதிகபட்சம் 2 மாதம். மாநில அரசு நினைத்தால் மேலும் 6 மாதம் வரை நீட்டிக்கலாம்.

இன்னொரு பக்கம் அரசமைப்புச் சட்டம். கூறு 19(1)(பி), ஆயுதம் இல்லாமல் அமைதியாகக் கூடும் உரிமையை எல்லாக் குடிமக்களுக்கும் தருகிறது. கூறு 19(3), நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு, பொது ஒழுங்கு ஆகியவற்றுக்காக ‘நியாயமான’ கட்டுப்பாடு விதிக்க அரசை அனுமதிக்கிறது. சண்டை எல்லாம் அந்த ‘நியாயமான’ என்ற ஒரு சொல்லில்தான்.

அது நியாயமா இல்லையா என்று சொல்ல வேண்டியது நீதிமன்றம். பெங்களூரில் நடந்ததைப் பார்த்தால் சிக்கல் எங்கே என்று புரியும்.

2019 டிசம்பர். குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக நாடு முழுக்கப் போராட்டம். டிசம்பர் 18 அன்று பெங்களூர் போலீஸ் கமிஷனர் நகரம் முழுக்க 3 நாளைக்கு 144 போட்டார். அதற்கு முன் போலீஸாரே சில கூட்டங்களுக்குக் கொடுத்திருந்த அனுமதியும் அதோடு காலி. மறுநாள் டவுன்ஹால் அருகே நிருபர்களிடம் பேசிக்கொண்டிருந்த வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா பிடித்துச் செல்லப்பட்ட காட்சியை டி.வி.யில் பலரும் பார்த்திருப்பார்கள். வழக்கு கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2020 பிப்ரவரி 13 அன்று தீர்ப்பு வந்தது: அந்தத் தடை உத்தரவு சட்டவிரோதம். கமிஷனர் தன் மனதைச் செலுத்தி, காரணம் எழுதி முடிவெடுக்கவில்லை என்பதுதான் நீதிமன்றம் கண்ட குறை.

மனு போட்டவர்கள் ஜெயித்தார்கள். ஆனால் என்ன ஜெயித்தார்கள்? 3 நாள் தடை டிசம்பர் 21-லேயே முடிந்துபோனது. அது தப்பு என்று தெரிய கிட்டத்தட்ட 2 மாதம். நடக்க வேண்டிய கூட்டம் நடக்கவில்லை. குடியுரிமைச் சட்டத்தைப் பற்றி ஒரு நகரம் பேச நினைத்த அந்த மூன்று நாள் திரும்பி வரப்போவதும் இல்லை. உத்தரவு போட்டவருக்கு இதனால் இழப்பு எதுவும் கிடையாது. தடை உத்தரவின் பலமே அதன் குறுகிய ஆயுளில்தான் இருக்கிறது. நீதிமன்றம் வந்து சேர்வதற்குள் அது வேலையை முடித்துவிடும்.

நீதிமன்றங்கள் பேசாமல் இருக்கவில்லை

பொதுத் தெருவில் கூட்டம் கூடுவதை ஒழுங்குபடுத்தலாம், முழுசாக மறுக்க முடியாது என்று ஹிம்மத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1972-லேயே சொல்லிவிட்டது. 2018 ஜூலையில், டெல்லி ஜந்தர் மந்தரில் போராட விதித்திருந்த ஒட்டுமொத்தத் தடையை நீக்கியது. காஷ்மீர் தொடர்பான அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று வந்த தீர்ப்பு இன்னும் தெளிவு: 144-ஐ வைத்து நியாயமான கருத்தை அடக்கக் கூடாது; உத்தரவில் காரணமும் அடிப்படைத் தகவல்களும் இருக்க வேண்டும்; பாதிக்கப்படுகிறவர் வழக்குப் போட வசதியாக அதை வெளியிட வேண்டும்; திரும்பத் திரும்ப அதே உத்தரவைப் போடுவது அதிகார துஷ்பிரயோகம்.

எல்லாத் தீர்ப்பும் போராடுபவர் பக்கம் என்றும் சொல்ல முடியாது. ஷாஹீன் பாக் வழக்கில் (2020 அக்டோபர் 7), பொதுச் சாலையைக் காலவரையின்றி மறிக்க முடியாது, அதற்கென ஒதுக்கிய இடத்தில்தான் போராட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். ‘ஒதுக்கிய இடம்’ என்ற இந்தச் சொல்லுக்குச் சென்னைவாசிகளிடம் தனி அர்த்தம் உண்டு.

சென்னையில் தினசரி நடைமுறை 163 கூட அல்ல. 1888-ம் ஆண்டின் சென்னை நகரக் காவல் சட்டம், பிரிவு 41. அனுமதியில்லாமல் கூட்டம், ஊர்வலம், ஆர்ப்பாட்டம் கூடாது என்று 15 நாளுக்குக் கமிஷனர் உத்தரவு போடுவார். முடிந்ததும் இன்னொரு 15 நாள். மாவட்டங்களில் இதே வேலையை 1861-ம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் 30(2) செய்கிறது. அரசமைப்புச் சட்டப்படி கூடுவது உரிமை, தடை விதிவிலக்கு. நடைமுறையில் தடைதான் நிரந்தரம், அனுமதி விதிவிலக்கு என்று தலைகீழாகிவிட்டது.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக லட்சக்கணக்கானோர் கூடிய மெரினாவில் இன்று ஒரு பதாகை பிடித்து நிற்க முடியாது. காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு 90 நாள் உண்ணாவிரதம் இருக்க அனுமதி கேட்டார் விவசாயிகள் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணு. தனி நீதிபதி ஒரு நாள் கொடுத்தார். அரசு மேல்முறையீடு செய்ய, 2018 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதையும் ரத்து செய்தது. மெரினா இல்லையென்றால் வள்ளுவர் கோட்டம், ராஜரத்தினம் ஸ்டேடியம் பக்கம் என்று போலீஸார் கைகாட்டுவார்கள். 2025 ஆகஸ்டில் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசல் நடைபாதையில் 13 நாள் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களிடம் நீதிமன்றம் சொன்னதும் அதுதான்: அனுமதித்த இடத்துக்குப் போங்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் அவர்கள் அப்புறப்படுத்தப்பட்டார்கள். சட்டப்படி சரி என்றே வைத்துக்கொள்வோம். மாநகராட்சியோடு சண்டை போடுகிறவர் மாநகராட்சி வாசலில் இல்லாமல், யார் கண்ணிலும் படாத ஒரு சாலை ஓரத்தில் போய்க் கத்தினால் அது யார் காதில் விழும்?

இதில் கட்சி நிறம் பெரிதாக வேலை செய்வதில்லை என்பதையும் கவனிக்கலாம். பெங்களூரில் தடை போட்டபோது ஆட்சியில் பா.ஜ.க., மெரினாவை மூடியபோது அ.தி.மு.க., ரிப்பன் மாளிகை முன் தி.மு.க. எதிர்க்கட்சியாக இருக்கும்போது 144-ஐத் திட்டுகிறவர்கள், ஆட்சிக்கு வந்ததும் அதே பேப்பரைத் தேடுகிறார்கள்.

போலீஸ் தரப்பு வாதமும் லேசானது அல்ல. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் நடந்த அரசியல் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். எத்தனை பேர் வருவார்கள், எந்த வழியாக வெளியேறுவார்கள், ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே கேட்பது அடக்குமுறை ஆகாது. கேட்காமல் விடுவதுதான் ஆபத்து. ஆனால், இப்படி வா என்று சொல்வதும் வராதே என்று சொல்வதும் வேறு வேறு. முதலாவதுக்குத் திட்டமிடல் வேண்டும். இரண்டாவதுக்குக் கையெழுத்து போதும். எது சுலபமோ அதுவே பழக்கமாகிவிடுகிறது.

அந்தப் பழக்கம் கூட்டத்தைத் தடுத்துவிடும் என்றும் உத்தரவாதம் இல்லை. ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்து 2018 மே 22 அன்று ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் என்பது தூத்துக்குடியில் முன்பே தெரிந்த விஷயம். 144 உத்தரவு வந்தது முந்தைய நாள் இரவில். விடிந்ததும் ஆயிரக்கணக்கில் கிளம்பியவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்? துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டங்களில் இணையமும் துண்டிக்கப்பட்டது. சுட வேண்டிய அளவுக்குத் தூண்டுதல் எதுவும் இருக்கவில்லை என்று அரசே அமைத்த அருணா ஜெகதீசன் ஆணையம் பின்னர் சொன்னது.

புதுச் சட்டத்தில் உண்மையிலேயே மாறியவை

எண் மட்டும்தான் மாறியது என்று மேலே சொன்னது பிரிவு 163-க்குப் பொருந்தும். அதை மீறினால் என்ன என்பது மாறியிருக்கிறது. பழைய ஐ.பி.சி. 188-ல் உத்தரவை மீறினால் அதிகபட்சம் 1 மாதச் சிறை அல்லது 200 ரூபாய் அபராதம். புதிய பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) பிரிவு 223-ல் அது 6 மாதம், 2,500 ரூபாய். மீறலால் உயிருக்கு ஆபத்தோ கலவரமோ வரும் என்றால் 1 வருடம், 5,000 ரூபாய் வரை போகும்.

இன்னொன்று, அதிகம் பேசப்படாத பி.என்.எஸ்.எஸ். 172. குற்றத்தைத் தடுக்கும் கடமையில் இருக்கும் போலீஸ்காரர் சட்டப்படி சொல்லும் உத்தரவுக்கு எல்லாரும் கட்டுப்பட வேண்டும். மறுத்தால், கண்டுகொள்ளாமல் நின்றால்கூட, பிடித்து வைக்கலாம். நடுவர் முன் நிறுத்தலாம். சின்ன விஷயம் என்றால் 24 மணி நேரத்துக்குள் விட்டுவிடலாம். பழைய சட்டத்தில் இப்படியொரு பிரிவு கிடையாது. கல்யாண மண்டபத்தில் அடைத்து வைத்துச் சாயங்காலம் விடும் பழைய வழக்கத்துக்குக் கிடைத்த சட்ட அந்தஸ்து என்று இதைச் சொல்லலாம். காலையில் பிடித்துச் சாயங்காலம் விட்டால் வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை, போராட்டமும் இல்லை.

பெரிய சட்டங்கள் இந்தச் சின்ன உத்தரவுகளுக்குப் பின்னால் நிழல் மாதிரி நிற்கின்றன. யு.ஏ.பி.ஏ. பிரிவு 43டி(5) ஜாமீனைக் கிட்டத்தட்ட எட்டாக்கனி ஆக்குகிறது. டெல்லி கலவர வழக்கில் 2021 ஜூன் 15 அன்று மூன்று மாணவர்களுக்கு ஜாமீன் கொடுத்த டெல்லி உயர் நீதிமன்றம், போராடும் உரிமைக்கும் பயங்கரவாதத்துக்கும் நடுவிலுள்ள கோடு அரசின் பார்வையில் மங்கி வருவதாகக் கவலைப்பட்டது. மூன்றே நாளில் உச்ச நீதிமன்றம், ஜாமீனில் கை வைக்காவிட்டாலும், அந்தத் தீர்ப்பை வேறு வழக்குகளில் முன்னுதாரணமாகக் காட்டக் கூடாது என்றது.

கையில் என்ன இருக்கிறது?

தடை என்று சொன்னால் உத்தரவு நகலைக் கேட்கலாம். எந்தப் பிரிவு, எந்த எல்லை, எந்தத் தேதி வரை, என்ன காரணம் என்று அதில் இருக்க வேண்டும். அனுராதா பாசின் தீர்ப்பின் பலன் இது. உத்தரவை மீறியதாக வழக்கு என்றால், போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட்டு நடத்த முடியாது, உரிய அதிகாரி எழுத்துபூர்வமாக நீதிமன்றத்தில் புகார் தர வேண்டும் என்று ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. அப்படிப் போட்ட பல எஃப்.ஐ.ஆர்.களையும் ரத்து செய்தது. புதிய சட்டத்திலும் அந்த எழுத்துபூர்வப் புகார் நிபந்தனை பிரிவு 215-ல் தொடர்கிறது.

கூட்டத்துக்கு முன்பே தடையை நீக்கக் கேட்கவும் வழி உண்டு. பாதிக்கப்பட்டவர் யார் வேண்டுமானாலும் உத்தரவை ரத்து செய்யக் கோரி மனு கொடுக்கலாம் என்கிறது பிரிவு 163. சீக்கிரம் விசாரிக்க வேண்டும், நிராகரித்தால் காரணத்தை எழுத வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. ‘சீக்கிரம்’ என்றால் எத்தனை நாள் என்று மட்டும் சட்டம் சொல்லவில்லை. மனுவை வாங்கி முடிவு செய்யப்போகிறவரும் பெரும்பாலும் தடை போட்ட அதே அதிகாரிதான்.